எமிலி மெக்டவலின் எம்பதி கார்டுகள்: நோயாளிக்கு நகைச்சுவை அட்டை அனுப்பலாமா?

புற்றுநோய் வந்திருப்பவருக்கு அனுப்பும் அட்டையில் நகைச்சுவை இருக்கலாமா? உயிருக்குப் போராடுகிறவரிடம் என்ன விளையாட்டு வேண்டிக்கிடக்கிறது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. நோயாளிக்கு மிஞ்சியிருப்பதே சிரிப்புதான், அதையும் பிடுங்காதீர்கள் என்பவர்களும் உண்டு. இந்த வாக்குவாதத்தில் இரு தரப்பும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: சிரிப்பது யாரைப் பார்த்து என்பதை. அமெரிக்காவில் 2015 மே மாதம் விற்பனைக்கு வந்த எம்பதி கார்டுகளை, அதாவது பிறர் துன்பத்தை உணர்ந்து பேசும் அட்டைகளை, வாங்கலாம் என்று சொல்வதற்கும், நோயை வைத்துச் சிரிக்கும் வேறு பல பொருள்களை வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் அது ஒன்றுதான்.

இந்த அட்டைகளை வரைந்தவர் எமிலி மெக்டவல். 24 வயதில் அவருக்கு மூன்றாம் நிலை ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். ஒன்பது மாதம் கீமோவும் ரேடியேஷனும் எடுத்துக் குணமானார். முடி கொட்டியதைவிட, காபிக் கடையில் தன்னை ‘சார்’ என்று கூப்பிட்டதைவிட, என்ன பேசுவதென்று தெரியாமல் நெருங்கிய நண்பர்களும் உறவினர்களும் விலகிப்போனதுதான் தன்னை அதிகம் வாட்டியது என்று அட்டைகளை வெளியிட்டபோது அவர் சொன்னார். வலியைவிடத் தனிமை பெரிதாக இருந்திருக்கிறது. அட்டைகள் எல்லாமே அந்தத் தனிமையை நோக்கி எழுதப்பட்டவை.

அதற்கு முன்பு கடையில் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் இவற்றின் தேவை புரியும். வாழ்த்து அட்டை விற்கும் ஹால்மார்க் நிறுவனம் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1910இல் தொடங்கியது. நூறாண்டுக்கும் மேல் பழகிய வியாபாரம் இது. அந்த நூறாண்டிலும் நோய்க்கென்று கடையில் பெரும்பாலும் இரண்டே வகைதான் கிடைத்தன. ஒன்று, ‘விரைவில் நலம் பெறுக’. இன்னொன்று, இரங்கல். காய்ச்சலுக்கும் கால் முறிவுக்கும் முதலாவது போதும். மரணத்துக்கு இரண்டாவது. பதினெட்டு மாதம் சிகிச்சையில் இருப்பவர், நலம் பெறுவாரா என்று மருத்துவருக்கே தெரியாதவர், இந்த இரண்டுக்கும் நடுவில் தனக்கேற்ற அட்டை எளிதில் கிடைக்காமல் இருந்தார். ‘விரைவில்’ என்ற சொல்லே அவரைக் குத்தும்.

பொருளின் விவரம் இவ்வளவுதான்: மடித்த அட்டை, 4.25 அங்குலத்துக்கு 5.5 அங்குலம், உறையோடு வரும். முகப்பில் கையெழுத்துப் பாணியில் வண்ண எழுத்து. உள்ளே ஒன்றும் அச்சாகியிருக்காது. ஓர் அட்டை ஏறத்தாழ ஐந்து டாலர். இப்போது ‘எம் அண்ட் ஃபிரண்ட்ஸ்’ என்ற பெயரில் விற்பனையாகிறது. உள்பக்கம் வெறுமையாக இருப்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். பாதி வேலையை அனுப்புகிறவரிடம் விட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. அந்தப் பாதியைச் சரியாகச் செய்யாதவர்கள் கையில்தான் இந்த அட்டை கெட்டுப்போகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் அட்டைகள்.

மிகப் பெயர்பெற்றது, ‘எல்லாம் ஒரு காரணத்தோடுதான் நடக்கிறது’ என்று உங்களிடம் அடுத்துச் சொல்ல வருகிறவரைக் குத்தும் முதல் ஆளாக நான் இருக்கிறேன் என்று உறுதி தரும் அட்டை. படித்தவுடன் சிரிப்பு வரும். ஆனால் அதன் கடைசி வரி, நீங்கள் இதை அனுபவிக்க நேர்ந்ததற்கு வருந்துகிறேன் என்பது. நகைச்சுவை கதவைத் தட்டுகிறது, பின்னால் வருத்தம் உள்ளே வருகிறது. அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டு மேல்பாதியை மட்டும் படம் பிடித்துப் பகிர்கிறவர்கள் அட்டையின் உயிரையே வெட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று எலுமிச்சம்பழ அட்டை. வாழ்க்கை எலுமிச்சையைக் கொடுத்தால் அதைப் பிழிந்து சர்பத் போட்டுக்கொள் என்பது ஆங்கிலத்தில் தேய்ந்துபோன உபதேசம். அதைத் திருப்பிப் போட்டு, எலுமிச்சையால் செத்துப்போன என் ஒன்றுவிட்ட சகோதரனின் நண்பன் கதையை உன்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறது அட்டை. தமிழ் வீடுகளில் இந்தக் கதை சொல்கிறவருக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. நோயாளியின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், ‘எங்க பெரியப்பாவுக்கும் இதேதான், நல்லாத்தான் இருந்தாரு, ஆறே மாசம்’ என்று ஆரம்பிப்பவர் இல்லாத குடும்பம் எது?

இணையத்தில் படித்த ஏதோ ஒரு வைத்தியத்தை உன் தலையில் கட்ட மாட்டேன் என்னும் அட்டைதான் எங்கள் கணக்கில் மிகப் பயனுள்ளது. இதில் மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும் இருக்கிறது. மனச்சோர்வுக்கு நல்லதென்று கடைகளில் விற்கும் ‘செயின்ட் ஜான்ஸ் வோர்ட்’ மூலிகை, கல்லீரலில் மருந்தை உடைக்கும் நொதிகளை முடுக்கிவிட்டு, இமாட்டினிப், இரினோட்டிகான் போன்ற புற்றுநோய் மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழத்தின் சாறு சில மருந்துகளில் இதற்கு நேர்மாறாக வேலை செய்து அளவை ஏற்றிவிடும். நம் பக்கத்தில் முள்சீத்தாப்பழமும் கோதுமைப்புல் சாறும் கையில் பையோடு வந்து நிற்கின்றன. முள்சீத்தா மனிதருக்குப் புற்றுநோயைக் குணப்படுத்துகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. கொண்டுவருகிறவரின் அன்பு உண்மையானது. ஆனால் அதை மறுக்கும் பாரம் நோயாளியின் தலையில் விழுகிறது. அந்தப் பாரத்தை இறக்கி வைக்கிறேன் என்று ஒருவர் எழுதித் தருவது சின்ன விஷயம் அல்ல.

‘ஒரு கீமோ முடிந்தது, குமட்டாத எதையாவது வைத்துக் கொண்டாடுவோம்’ என்ற அட்டைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அவற்றைத் தெரியாமல் வாங்காதீர்கள். கீமோவில் நாக்குச் சுவை மாறும், பலருக்கு வாயெல்லாம் உலோகச் சுவையாக இருக்கும். அப்போது எவர்சில்வர் தட்டும் கரண்டியும் அதைக் கூட்டும். பீங்கான் தட்டும் மரக்கரண்டியும் உதவும். அட்டையோடு ஒரு மரக்கரண்டியை வைத்துக் கொடுத்தால் நகைச்சுவை கைக்கு வந்த உதவியாகிவிடும். ஆனால் ‘கொண்டாடுவோம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஐஸ்கிரீமோடு போய் நிற்காதீர்கள். பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஆக்ஸாலிப்ளாட்டின் மருந்து ஏறிய பிறகு சில நாள்களுக்குக் குளிர்ச்சி ஆகாது; குளிர்ந்த தண்ணீர் ஒரு மடக்கு குடித்தாலே தொண்டை இறுகி மூச்சு அடைப்பதுபோல் இருக்கும். அதே சமயம், 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை ஒரே ஊசியாக ஏற்றும்போது வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். ஒருவருக்கு மருந்தாக இருக்கும் ஐஸ் இன்னொருவருக்கு வேதனை. எலுமிச்சை, ஊறுகாய் போன்ற புளிப்பும் அப்படித்தான்: சுவை மரத்துப்போனவருக்கு நல்லது, வாய்ப்புண் இருப்பவருக்கு எரியும். முதல் நிபந்தனை இதுதான்: கேட்டுவிட்டுக் கொண்டு போங்கள்.

இரண்டாவது நிபந்தனை இன்னும் முக்கியம். ‘ஒன்று முடிந்தது’ என்று எண்ணுவது, எண்ணிக்கைக்கு முடிவு இருப்பவருக்கு மட்டுமே பொருந்தும். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்குத் தரும் ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கூட்டுச் சிகிச்சையில் 28 நாள் ஒரு சுற்று, அதில் முதல் நாளும் 15ஆம் நாளும் மருந்து. இத்தனை சுற்று என்று மருத்துவர் முன்னாலேயே சொல்லிவிடுவார். எமிலி மெக்டவலுக்கு வந்தது அந்த நோய்தான் என்பதை நினைவில் வைத்தால், அட்டையின் உற்சாகம் எங்கிருந்து வந்தது என்று புரியும். எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவிவிட்ட நோய்க்கு, தாங்கும்வரை மருந்து என்று ஓடிக்கொண்டிருப்பவருக்கு முடிவுக்கோடு கிடையாது. அவருக்கு இந்த அட்டையை அனுப்பினால், இன்னும் எத்தனை என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள வைக்கிறோம். சிகிச்சை முடிந்ததும் மணி அடிக்கும் வழக்கத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. 1996இல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் தொடங்கிப் பரவிய அந்த மணியின் ஓசை, அதை என்றும் அடிக்கப்போகாதவரின் காதிலும் விழுகிறது.

நோயைப் ‘பயணம்’ என்று சொல்ல மாட்டேன், யாராவது உன்னைக் கப்பலில் உல்லாசமாக அழைத்துப் போனால் ஒழிய என்னும் அட்டை, சொல் தேர்வில் நுணுக்கமானவர்களுக்குப் பிடிக்கும். மற்றவர்களுக்கு எதைக் கிண்டல் செய்கிறார்கள் என்றே பிடிபடாது. தமிழில் நோயைப் போர் என்றுதான் அதிகம் சொல்கிறோம், பயணம் என்று சொல்வது குறைவு. எங்கள் பார்வையில் இதைத் தவிர்க்கலாம்.

கடவுளைப் பற்றிய அட்டை எச்சரிக்கையோடு கையாள வேண்டியது. இது கடவுளின் திட்டம் என்றால் அவருக்குத் திட்டம் போடத் தெரியவில்லை என்று தொடங்கி, அடைப்புக்குள் அவரிடமே மன்னிப்பும் கேட்டு, அருவியையும் பாண்டாவையும் நன்றாகப் படைத்ததற்குப் பாராட்டும் சொல்கிறது. பக்தர் வீட்டுக்கு இதை அனுப்பக்கூடாது என்று நினைப்போம். ஆனால் கடவுளை வாய்விட்டுக் கடிந்துகொள்வது பக்திக்கு அந்நியமானது அல்ல. கண்பார்வை போன சுந்தரர் திருவாரூர் இறைவனிடம், அடியார் துன்பத்தைச் சொன்ன பிறகும் இப்படி இருந்தால் நீரே நன்றாக வாழ்ந்துகொள்ளும் என்று சலித்துப் பாடியது தேவாரத்தில் இருக்கிறது. துன்பப்படுகிறவர் கடவுளைத் திட்டலாம். அது அவருக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ள உரிமை. அந்த உரிமையை வெளியில் நிற்பவர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. நோயாளி தானே அப்படிப் பேசத் தொடங்கியிருந்தால் மட்டும் இந்த அட்டை. திருப்பதிக்கு மொட்டை வேண்டிக்கொண்டு காத்திருக்கும் அம்மாவின் கண்ணில் படும் இடத்துக்கு வேண்டாம்.

இத்தனை அட்டைகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். நோயாளியின் உடம்பு எங்கேயும் சிரிப்புக்கு ஆளாகவில்லை. மொட்டைத் தலை, அகற்றிய மார்பு, உடம்போடு மாட்டிய சிறுநீர்ப் பை, தள்ளாடும் நடை, எதுவும் இல்லை. சிரிப்புக்கு ஆளாகிறவர் ஒருவரே: என்ன சொல்வதென்று தெரியாமல் உளறும் ஆரோக்கியமான மனிதர், அதாவது அட்டையை வாங்குகிறவர். இந்தப் பொருளின் நுட்பம் முழுக்க இதுதான். மார்பகத்தை வைத்துச் சிலேடை போட்ட பனியன்களும், மொட்டைத் தலை வசனம் அச்சடித்த தொப்பிகளும் கடையில் கிடைக்கின்றன. அவற்றை நோயாளி தானே வாங்கிப் போட்டுக்கொண்டால் அது அவர் துணிச்சல், கூடவே நின்று சிரிக்கலாம். வேறொருவர் வாங்கிக் கொடுத்தால் அது அத்துமீறிக் கை வைப்பது. ஒரே பனியன்தான், யார் பணம் கொடுத்தார் என்பதில் மரியாதை மாறிவிடுகிறது.

2013இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் உளவியலாளர் சூசன் சில்க்கும் பேரி கோல்ட்மனும் எழுதிய வளைய முறை இதற்கு நல்ல அளவுகோல். ஒரு சின்ன வட்டம் போட்டு நடுவில் நோயாளியின் பெயரை எழுதுங்கள். அதைச் சுற்றி அடுத்த வட்டத்தில் கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள். அதற்கும் வெளியே நெருங்கிய நண்பர்கள், பிறகு அலுவலகத்தார், அக்கம்பக்கத்தார். உள்வட்டத்தை நோக்கி ஆறுதல் மட்டுமே போகலாம். புலம்பல் வெளிவட்டத்தை நோக்கித்தான் போகவேண்டும். நடுவில் இருப்பவர் யாரிடமும் என்னவும் சொல்லலாம். நகைச்சுவைக்கும் இது அப்படியே பொருந்துகிறது. நோயாளியின் பகடி எந்தப் பக்கமும் போகலாம். நம்முடைய பகடி வெளியே மட்டும் போகலாம், இல்லையென்றால் நம்மீதே விழலாம். உள்ளே போகக்கூடாது. எம்பதி கார்டுகள் இந்த விதியை அட்டைக்கு அட்டை காப்பாற்றுகின்றன.

கனடாவின் உளவியலாளர் ராட் மார்ட்டின் குழு 2003இல் வெளியிட்ட நகைச்சுவைப் பாணிகள் வினாத்தாளும் கைகொடுக்கும். 32 கேள்விகள், நான்கு வகை: பிறரோடு ஒட்டவைப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது, பிறரைத் தாக்குவது, தன்னையே தாழ்த்திக்கொள்வது. முதல் இரண்டும் தாங்கும் வழிகள். நான்காவதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம், ஏனென்றால் அதுவும் கேட்பதற்குச் சிரிப்பாகவே இருக்கும். ‘எனக்கு எதுக்கு ஸ்கேனு, அந்தக் காசுல ஒரு மாலை வாங்கி வச்சிடுங்க’ என்று ஒருவர் சொல்லும்போது அறையில் எல்லோரும் சிரித்துவிட்டால், அவர் சொல்ல வந்தது அங்கேயே புதைந்துவிடும். வீட்டுச் செலவைப் பற்றிய பயமும் தான் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. ஒருமுறை சொன்னால் விளையாட்டாக இருக்கலாம். திரும்பத் திரும்ப அதே விஷயத்தைச் சுற்றி வந்தால், சிரிப்பை நிறுத்திவிட்டு, ‘செலவ நெனச்சு பயமா இருக்கா?’ என்று நேராகக் கேளுங்கள். சாவதைப் பற்றிப் பேச்சு அடிக்கடி வந்தால் சிகிச்சை தரும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். இங்கே அட்டைக்கு வேலை இல்லை. நகைச்சுவை அட்டை அனுப்பி அந்தப் பேச்சை ஊக்குவிப்பது தவறு.

இனி, உள்பக்கம். என்ன எழுதுவது?

நான்கு வரி போதும். முகப்பில் ஏற்கெனவே நகைச்சுவை இருப்பதால் உள்ளே இன்னொன்று வேண்டாம். இரண்டாவது ஜோக் முதலாவதைப் பொய்யாக்கும். முதல் வரியில் நடந்ததை நேராகச் சொல்லுங்கள்: ‘உங்களுக்கு இப்படி ஆனது கேட்டு மனசு கஷ்டமாக இருக்கிறது.’ அடுத்து, அவரைப் பற்றி நோய்க்குத் தொடர்பில்லாத ஒரு வரி; கோலமோ கிரிக்கெட்டோ அவர் வளர்க்கும் முருங்கையோ. மூன்றாவது, நாளும் நேரமும் குறிப்பிட்ட உதவி. ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்பது உதவி அல்ல, களைத்துக் கிடப்பவரிடம் யோசிக்கும் வேலையை ஒப்படைப்பது. ‘செவ்வாய் மாலை ஆறு மணிக்கு ரசமும் சாதமும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன், கதவைத் திறக்க வேண்டாம்’ என்று எழுதினால் உதவி. சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. தொற்றை எதிர்க்கும் ரத்த வெள்ளணு குறைந்திருக்கும் சமயத்தில் பச்சைக் காய்கறி சாலட், கடையில் நறுக்கிய பழம் போன்றவற்றையும் தவிருங்கள். கடைசி வரி, ‘பதில் போட வேண்டாம்.’ இந்த வரியை விட்டுவிடாதீர்கள். பத்து அட்டைக்குப் பதில் எழுத வேண்டும் என்ற கடனோடு படுத்திருப்பது கொடுமை.

எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதையும் பாருங்கள். பல கீமோ முறைகளில் வாந்தியைத் தடுக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமில்லாவிட்டாலும் ஓரளவு தெம்பாக இருப்பார்கள். பார்க்க வருகிறவர்களும் அப்போதுதான் வருவார்கள். அது இறங்கியதும் சோர்வு அழுத்தும். பெரும்பாலான மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணு மிகக் குறைவு. தொற்றுக்குப் பயந்து யாரையும் வரவேண்டாம் என்பார்கள். வீடு அமைதியாகிவிடும் அந்த வாரத்தில்தான் அட்டை வேண்டும். மருந்து ஏறிய நாளைக் குறித்துக்கொண்டு, ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் கையில் கிடைக்கும்படி தபாலில் போடுங்கள். ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் நாள்களில் நகைச்சுவை அட்டை வேண்டாம். முடிவு மோசமாக வந்த அன்று தபால்பெட்டியைத் திறந்து, குமட்டாத எதையாவது வைத்துக் கொண்டாடுவோம் என்பதைப் படிக்க நேரிடலாம்.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அட்டைமீது சென்ட் தெளிக்காதீர்கள், ஊதுபத்தி வைத்த பெட்டியில் அட்டையை வைக்காதீர்கள். கீமோவின்போது வாசனையே வாந்தியைக் கிளப்பும். மினுக்குத் தூளும் வேண்டாம். சில மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போயிருக்கும், ஒட்டிய உறையைக் கிழிப்பது சிரமம். நேரில் கொடுப்பதானால் உறையை ஒட்டாமல் மூடியைச் செருகிக் கொடுங்கள், தபாலில் போவதானால் ஓரத்தில் விரல் நுழைய இடம் விட்டு ஒட்டுங்கள். பூங்கொத்து சேர்த்து அனுப்ப நினைத்தால் முதலில் விசாரியுங்கள்; பல புற்றுநோய் வார்டுகளில் புதுப்பூவுக்கும் தொட்டிச்செடிக்கும் அனுமதி இல்லை. அட்டைக்கு அந்தத் தடை இல்லை என்பது இதற்கு இன்னொரு சாதகம்.

இந்த வரிசையின் குறை என்ன என்று கேட்டால், மூன்றைச் சொல்வோம். ஒன்று, புற்றுநோயிலிருந்து பிறந்ததால் பேச்சும் அதையே சுற்றுகிறது. பக்கவாதத்தில் மொழி பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சொல் விளையாட்டு எட்டாது. நேரான இரண்டு வரி எழுதிய வெற்று அட்டையே மேல். இரண்டு, முதல் வரிசை பெரும்பாலும் நோயாளியைப் பார்த்தே பேசுகிறது. இரவு முழுக்க விழித்திருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ அதிலிருந்து எடுத்துக்கொடுக்கப் பொருத்தமாக அதிகம் இல்லை.

மூன்றாவது குறை தமிழ்க் குடும்பங்களுக்கே உரியது. அட்டை, நோயாளிக்குத் தன் நோய் தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டிருக்கிறது. நம் வீடுகளில் பாட்டிக்குப் புற்றுநோய் என்பது பாட்டியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ‘கட்டி’ என்றோ ‘அல்சர்’ என்றோ சொல்லிச் சிகிச்சை நடக்கும். முகப்பிலேயே ‘கீமோ’ என்று அச்சான அட்டை அங்கே போனால், மரியாதையா அவமரியாதையா என்ற கேள்விக்கே இடமில்லாமல் குடும்பத்தில் பெரிய விரிசல் விழும். நோயாளிக்கு உண்மை தெரியவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனால் அதை ஐந்து டாலர் அட்டை உடைக்கக்கூடாது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலோ கனடாவின் ஸ்கார்பரோவிலோ இருக்கும் தோழிக்கு அனுப்பும் முன்பு, அவரோடு இருக்கும் மாமியாருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியுமா என்று அவரிடமே கேளுங்கள். தெரியாது என்றால் தபாலில் வேண்டாம், நேரில் கையில் கொடுங்கள். இதே காரணத்தால்தான் அட்டையைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. ஒருவருக்கென்று எழுதியது நாற்பது பேருக்குப் போனதும் அது ஆறுதலாக இருப்பதை நிறுத்திவிடுகிறது.

ஆங்கிலம் படிக்காத அப்பாவுக்கு என்ன செய்வது? மொழிபெயர்த்து அனுப்பாதீர்கள், எலுமிச்சைப் பழமொழியும் கப்பலும் தமிழில் விளங்காது. வெற்று அட்டை வாங்கி, அட்டைகளின் விதியை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்களே எழுதுங்கள். சிரிப்பு உங்கள்மீது விழவேண்டும், பிறகு ஒரு வரி உண்மையாக வருந்த வேண்டும். ‘முள்சீத்தாப்பழம் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன் மாமா. உங்களப் பாக்கணும்போல இருக்கு.’ ‘ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் இந்நேரம் வீடு நிறைஞ்சிருக்கும், அதனால நான் வெறுங்கையோட வர்றேன். பாத்திரம் தேச்சுக் குடுத்துட்டுப் போறேன் அத்தை.’ இரண்டாவதைச் சொன்னால் செய்யவும் வேண்டும். எழுதிய உதவி வந்து சேராத அட்டையைப்போல நோயாளியைச் சுருங்க வைப்பது வேறில்லை.

ஒரே ஓர் அட்டை வாங்கிக் கையில் வைத்திருக்கலாம் என்றால் எது? நகைச்சுவையே இல்லாத ஒன்று. ‘இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு, என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை’ என்று மட்டும் அதில் இருக்கும். நோய் தெரிந்து ஆறு மாதம் ஆகியும் ஒருமுறைகூடக் கூப்பிடாதவர்கள், இனிமேல் எந்த முகத்தோடு என்று தயங்கிக்கொண்டே இன்னும் ஆறு மாதம் கடத்துவார்கள். அவர்களுக்கான அட்டை இது. தாமதத்துக்குக் காரணம் எழுதாதீர்கள், வேலை அதிகம் என்று சொல்லாதீர்கள். உள்ளே உங்கள் பெயர், வரும் வாரத்தில் நீங்கள் வரக்கூடிய ஒரு நாள், பதில் வேண்டாம் என்ற வரி. அவ்வளவு எழுதி இன்றைக்கே தபாலில் சேருங்கள்.